எண்ணெய்க் கைகளும் எல்லைக் கோடுகளும்

தமிழ்நாட்டிலிருந்து கொச்சிக்குக் குடிவரும் நம்மவர்கள் முதல் மாதத்திலேயே ஒரு சொல்லில் இடறுவார்கள். 'குழம்பு' என்பதுதான் அந்தச் சொல். நமக்குக் குழம்பு சோற்றுக்கு. இங்கே குழம்பு முதுகுக்கு! 'தான்வந்தரம் குழம்பு' என்று மருந்துக் கடையில் பாட்டிலில் விற்பது உடம்பில் தேய்த்துக்கொள்ளும் தைலம். என் மனைவி இங்கு வந்த புதிதில், இடுப்பு வலி என்று சொன்னதற்குப் பக்கத்து வீட்டு அம்மாள் "குழம்பு தேய்ச்சுக் குளி" என்று சொல்லிவிட்டுப் போக, அடுக்களையில் இருந்த வெண்டைக்காய்க் குழம்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் மட்டாஞ்சேரிக்கு வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. பஜார் ரோட்டில் மிளகு, சுக்கு, ஏலம் வாங்கி விற்கும் ஒரு மண்டியில் கணக்கெழுத வந்தவன். குஜராத்தி, கொங்கணி, யூதர், கச்சி மேமன் என்று பல பேச்சும் பல வழிபாடும் கலந்து கிடக்கும் இந்தச் சிறிய இடத்தில் தமிழும் பழைய குடிதான். பக்கத்தில் கோட்டைக் கொச்சி வேளியில் துணி வெளுக்கும் நம் மக்கள், டச்சுக்காரர் காலத்தில் பட்டாள உடுப்பு வெளுக்க வந்தவர்களின் வழியினர் என்று சொல்வார்கள். அவர்களைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது வேறொரு கூட்டத்தைப் பற்றி. எண்ணெய் தேய்த்து, தடவி, நீவிப் பிழைக்கிற கைகளைப் பற்றி.

யூதத் தெருவிலும் கோட்டைக் கொச்சியிலும் சந்துக்குச் சந்து 'ஆயுர்வேத மசாஜ்' என்று பலகை தொங்குவதை விடுமுறைக்கு வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். மலையாளத்தில் அது உழிச்சில், திருமல். ஆடி மாதம் (இங்கே கர்க்கடகம்) மழை பிடித்துக்கொண்டால் உள்ளூர்க்காரர்களும் உடம்பைத் தேற்றிக்கொள்ள வைத்தியசாலைக்குப் போவார்கள். பலகை ஆயுர்வேதம் என்று சொன்னாலும், உள்ளே தேய்க்கிற கை பல இடங்களில் கன்னியாகுமரி மாவட்டத்துக் கையாக இருந்த காலம் ஒன்று உண்டு. எங்கள் தெருவிலேயே அப்படி மூன்று குடும்பங்கள் இருந்தன. இப்போது ஒன்றுதான் மிச்சம்.

அந்தக் குடும்பத்துப் பெரியவரை எல்லாரும் 'ஆசான்' என்றுதான் அழைக்கிறோம். தக்கலைப் பக்கம் பிறந்தவர். தகப்பனாரும் பாட்டனாரும் ஒடிவு முறிவுக்குக் கட்டுப் போட்டவர்கள், வர்மம் தெரிந்தவர்கள். அந்த வைத்தியத்தில் உடம்பில் வர்மப் புள்ளிகள் 108 என்பது கணக்கு. அவற்றில் 12 படுவர்மம், 96 தொடுவர்மம். எங்கே தொடக்கூடாது என்று பத்து வருடம் கற்ற பிறகுதான் எங்கே தொடலாம் என்று தகப்பனார் காட்டிக்கொடுத்தாராம். சித்த மருத்துவத்தில் உடம்பு பிடித்துவிடுவதற்குத் 'தொக்கணம்' என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகை. மண்டியில் மூட்டை தூக்கிக் கழுத்துப் பிடித்துக்கொண்ட எத்தனையோ தொழிலாளிகள் ஆசான் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுந்து போனதை நான் பார்த்திருக்கிறேன்.

தொண்ணூறுகளில் வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகள் பெருகியபோது ஆசானுக்கும் ஒரு விடுதியில் வேலை கிடைத்தது. நல்ல சம்பளம், அதற்கு மேல் டிப்ஸ். பல வருடம் கழித்து, விடுதி கைமாறிய பிறகு, புதிய மானேஜர் எல்லாரிடமும் சான்றிதழ் கேட்டார். ஆசானிடம் இருந்தது ஓலைச்சுவடி ஒன்றும் காயத்திருமேனி எண்ணெய் காய்ச்சும் செம்புப் பாத்திரம் ஒன்றும். "கைக்குத் தெரியும் தம்பி, கடலாசுக்குத் தெரியாதே" என்று என்னிடம் சொன்னார். கடலாசு என்றால் காகிதம். குமரி மாவட்டத்துப் பேச்சு.

சரி, எந்தக் காகிதம்? அதை யார் தருவார்கள்? தமிழ்நாட்டுக் காகிதம் கேரளத்தில் செல்லுமா? ஆசானுக்காக நான் விசாரிக்கப் போய்த் தெரிந்துகொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்தத் தொழிலில் இறங்க நினைக்கும் பிள்ளைகள் உங்கள் வீடுகளிலும் இருக்கலாம்.

மாறியது எல்லை

ஆசான் பிறந்தது 1953இல். அப்போது தக்கலையும் மட்டாஞ்சேரியும் ஒரே ராஜ்யம். 1949 ஜூலை 1இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்து உண்டானது திருவிதாங்கூர்-கொச்சி. அவர் பிறந்த அதே 1953இல்தான் அந்த ராஜ்யத்துச் சட்டசபை மருத்துவர்களைப் பதிவு செய்யும் சட்டத்தை இயற்றியது. ஆங்கில வைத்தியர், ஆயுர்வேதம், சித்தம், யுனானி, ஹோமியோபதி எல்லாருக்கும் பொதுவான சட்டம். பதிவில்லாதவர் வைத்தியம் செய்யக்கூடாது. ஆனால் இன்னாருக்கு விலக்கு என்று அரசு அறிவிக்கலாம் என்று ஒரு சிறு கதவையும் அதில் திறந்து வைத்திருந்தார்கள்.

மூன்று வருடம் கழித்து 1956 நவம்பர் 1இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தன. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. அதற்காக உயிரைக் கொடுத்தவர்கள் உண்டு. அதைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் தகப்பனார் மடியிலிருந்த மூன்று வயதுப் பிள்ளை, ஒரே இரவில் மட்டாஞ்சேரிக்கு 'வேறு மாநிலத்தவன்' ஆனது அன்றுதான்.

வைத்தியர்களுக்கு இந்த எல்லைச் சிக்கலைத் தீர்க்க மத்திய அரசு ஒரு வழி கண்டது. 1970ஆம் ஆண்டு இந்திய மருத்துவ மத்தியக் குழுச் சட்டத்தின்படி மாநிலப் பதிவேடுகளுக்கு மேலே மத்தியப் பதிவேடு ஒன்று வந்தது. அதில் பெயர் உள்ளவர், தம் தகுதிக்கேற்ப, நாட்டின் எந்தப் பகுதியிலும் வைத்தியம் செய்யலாம். அந்தச் சட்டத்தின் இடத்தில் 2020இல் தேசிய ஆணையச் சட்டம் வந்தபோதும், மாநிலப் பதிவேடு, தேசியப் பதிவேடு என்ற ஏற்பாடு தொடர்ந்தது. ஆகவே பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற ஒரு டாக்டர் கொச்சிக்கு வந்து தொழில் செய்ய விரும்பினால் அதற்கு முறையான பாதை உண்டு. கேரளத்திலேயே போத்தன்கோட்டில் சாந்திகிரி சித்த மருத்துவக் கல்லூரி இருப்பதும் நம்மவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி.

பட்டம் பெறாத பரம்பரை வைத்தியர்களுக்கு அந்த 1970 சட்டம் ஒரு சலுகை தந்தது. சட்டம் வரும்போது மாநிலப் பதிவேடே இல்லாத மாநிலத்தில் ஐந்து வருடமாவது தொழில் செய்திருந்தால் தொடரலாம் என்பது அந்தச் சலுகை. கேரளத்துப் பரம்பரை வைத்தியர்கள் தங்களுக்கும் உரிமை உண்டென்று வழக்காடினார்கள். எங்கள் காயலுக்கு அக்கரையில், எர்ணாகுளத்தில் இருக்கும் கேரள உயர் நீதிமன்றம் 2003இல் அதை ஏற்கவில்லை. 2018 ஏப்ரல் 13இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பையே உறுதி செய்தது. தகுதியும் பதிவும் இல்லாதவர் வைத்தியம் பார்ப்பது சமுதாயத்துக்கு ஆபத்து என்பது நீதிமன்றத்தின் கவலை.

செய்தித்தாளில் இதைப் படித்த அன்று எனக்கு இன்னொரு சான்றிதழ் நினைவுக்கு வந்தது. மலையாளக் கரையின் டச்சுத் தளபதி வான் ரீட், இந்தக் கொச்சியில் இருந்துகொண்டு 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கஸ்' என்ற மூலிகைப் பெருநூலைத் தொகுத்தார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அது அச்சானது. அதற்குத் தகவல் தந்தவர்கள் சேர்த்தலையைச் சேர்ந்த இட்டி அச்சுதன் என்ற பரம்பரை வைத்தியரும், ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி வைத்தியர்களும். அவர்கள் 1675இல் தத்தம் எழுத்தில் எழுதிக்கொடுத்த சான்றுரைகள் அந்த நூலிலேயே அச்சாகியிருக்கின்றன. குடும்ப வழியில் வந்த அறிவு என்று இட்டி அச்சுதன் சொன்னதை, கடல் கடந்து வந்த கவர்னர் போதிய தகுதியாக எடுத்துக்கொண்டார். அது அந்தக் காலம். நாமே இன்று நம் குழந்தைக்குக் கை ஒடிந்தால் எக்ஸ்ரே எடுக்காமல் யாரிடமும் கொண்டுபோவோமா? மாட்டோம்.

கடைக்கு உண்டு, கைக்கு இல்லை

இதுவரை சொன்னது வைத்தியருக்கு. எண்ணெய் தேய்க்கிறவருக்கு? வைத்தியருக்கு இருப்பதுபோல மசாஜ் செய்பவருக்கென்று சட்டப்படியான மாநிலப் பதிவேடு கேரளத்திலும் இல்லை, தமிழ்நாட்டிலும் இல்லை. மாநிலப் பதிவேடே இல்லாதபோது இரண்டு மாநிலத்துக்கும் இடையே ஒப்பந்தம் ஏது? கடை நடத்த உள்ளாட்சி அமைப்பிடம் தொழில் உரிமம் வாங்க வேண்டும். அந்த லைசென்ஸ் கட்டடத்துக்கும் வியாபாரத்துக்கும்தான். உள்ளே வேலை செய்கிற கைக்கு அல்ல.

கேரளச் சுற்றுலாத் துறை ஆயுர்வேத நிலையங்களைத் தரம் பிரித்து 'கிரீன் லீஃப்', 'ஆலிவ் லீஃப்' என்று சான்று கொடுக்க ஆரம்பித்தபோது இந்தக் கையைப் பற்றியும் சில நிபந்தனைகள் வைத்தது. பட்டம் பெற்ற ஆயுர்வேத மருத்துவரின் மேற்பார்வையில்தான் சிகிச்சை நடக்க வேண்டும். தேய்ப்பவர்கள் ஆண் ஒருவர், பெண் ஒருவராவது இருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். தேய்க்கும் பலகை ஏழடி நீளம், மூன்றடி அகலத்துக்குக் குறையக்கூடாது என்பது வரை எழுதி வைத்தார்கள். நல்ல நிபந்தனைகள்தான். ஆனால் அதிலும் சான்று பெறுவது நிலையம். அந்தப் பெண் நாளைக்கு அந்த இடத்தை விட்டு மதுரைக்கோ கோவைக்கோ போனால் அந்தச் சான்று அவளோடு கூட வராது.

இதில் இன்னொரு வேடிக்கை. 'களைப்புத் தீர எண்ணெய் தேய்க்கிறேன்' என்றால் அது தொழில். 'உங்கள் மூட்டு வலியைத் தீர்க்கிறேன்' என்றால் அது வைத்தியம், பதிவு வேண்டும். அதே கை, அதே எண்ணெய். நான் வக்கீல் அல்ல. என் புரிதல் இது. ஆசான் போன்றவர்களின் தலைவிதி பலகையில் எந்த வாக்கியம் எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்திருக்கிறது.

காகிதமே தேவையில்லை, பரம்பரை போதும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆசானே அப்படிச் சொல்ல மாட்டார். பத்து நாள் பயிற்சி என்று சொல்லிக்கொண்டு கழுத்தை முறுக்கிச் சொடக்கு எடுக்கும் பையன்களைப் பார்த்து அவர் பதறியிருக்கிறார். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று. நம் ஊர்களில் மசாஜ் என்ற சொல்லே கெட்டுப் போய்விட்டது. போலீஸ் சோதனை என்று பத்திரிகையில் படம் வரும்போது, ஒழுங்காக வேலை செய்கிற பெண்களும் சேர்ந்துதான் தலைகுனிகிறார்கள். 'நான் இன்ன பதிவேட்டில் இன்ன எண்' என்று ஒரு செவிலியர் சொல்லலாம். இவர்கள் எதைச் சொல்வார்கள்?

அங்கே ஏழு மாநிலம்

வெளிநாட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் தங்கை மகள் அந்த எண்ணத்தை மாற்றினாள். அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தில் மசாஜ் தெரப்பி படித்து லைசென்ஸ் வாங்கியவள் அவள். அங்கே 500 மணி நேரப் படிப்பு. மாப்பிள்ளைக்கு வேலை நியூயார்க்கில் கிடைத்தது. நியூயார்க்கில் 1000 மணி நேரம் கேட்கிறார்கள். "மாமா, என் கை என்ன பாதிதான் படிச்சிருக்கா?" என்று டெலிபோனில் சிரித்தாள்; சிரிப்பில் அழுகை இருந்தது. கலிபோர்னியாவில் மாநில லைசென்ஸே கிடையாது. விருப்பமுள்ளவர்கள் பெற்றுக்கொள்ளும் சான்று மட்டும் உண்டு. ஒரே நாட்டுக்குள் இத்தனை விதம்.

இதைத் தீர்க்கத்தான் அங்கே மாநிலங்களுக்கு இடையே ஓர் உடன்படிக்கை எழுதியிருக்கிறார்கள். மாநில அரசுகளின் கவுன்சிலும் மசாஜ் வாரியங்களின் கூட்டமைப்பும் சேர்ந்து தயாரித்தது. இதற்குப் பின்பலம் ராணுவ இலாகா என்றால் வியப்பாக இருக்கும். சிப்பாய்களை அடிக்கடி ஊர் மாற்றுகிறார்கள். கூடவே போகும் மனைவிமார் ஒவ்வொரு மாநிலத்திலும் புதிதாக லைசென்ஸ் எடுத்து அலுத்துப் போகிறார்கள். அதனால் பல தொழில்களுக்கு இப்படிப்பட்ட உடன்படிக்கைகளை ராணுவம் ஆதரிக்கிறது. மசாஜ் உடன்படிக்கையில் முதலில் சேர்ந்தது நெவாடா, 2023இல். ஏழு மாநிலங்கள் சட்டம் இயற்றினால்தான் அது உயிர் பெறும் என்பது நிபந்தனை. 625 மணி நேரப் படிப்பு அல்லது அதற்கு ஈடானது, தேசியத் தேர்வு, குற்றப் பின்னணிச் சோதனை ஆகியவை இருந்தால் சொந்த மாநிலத்தில் பல மாநில உரிமம் கிடைக்கும். ஆனால் போகிற இடத்தில் அந்த மாநிலத்துச் சட்டத்துக்குத்தான் கட்டுப்பட வேண்டும்.

கணக்கைப் பாருங்கள்: 500 மணி நேரம் படித்தவளுக்கு 625க்கு இன்னும் 125 குறைகிறது. எல்லோரையும் ஒரே அளவுகோலில் நிறுத்தும்போது யாராவது ஒருவர் வெளியே நின்றுவிடுகிறார். கனடாவில் ஒன்டாரியோ, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணங்களில் இது சட்டப்படி பதிவு பெற்ற தொழில். கியூபெக்கில் அப்படி இல்லை. டொராண்டோவிலிருந்து மொன்றியலுக்குக் குடிபெயரும் நம் குடும்பங்கள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

இலங்கையை எடுத்துக்கொண்டால் 1961ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டம் பரம்பரை வைத்தியர்களையும் பதிவு செய்ய இடம் கொடுத்தது. முறிவு, விஷக்கடி போன்ற தனித்துறை வைத்தியர்களுக்கும் அதில் இடம் உண்டு. அந்தச் சிறிய தீவு செய்ததை நம் பெரிய நாடு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாமல் போனது எனக்கு வருத்தம்தான். இப்போது இந்தியத் தரக் குழு, பெங்களூரிலுள்ள உள்ளூர் மருத்துவ மரபு நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து, நாட்டு வைத்தியர்களைச் சோதித்துச் சான்று தரும் திட்டம் ஒன்றை நடத்தியிருக்கிறது. எலும்பு முறிவு, மூட்டு வலி முதலியவை அதில் அடங்கும். விருப்பமுள்ளவர்கள் சேரலாம். ஆனால் அது சான்று மட்டும். வைத்தியம் செய்ய உரிமம் அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ளக்கூடாது. அதேபோல் மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டங்களிலும், ஏற்கெனவே வேலை தெரிந்தவரைச் சோதித்துச் சான்று கொடுக்கும் முறை இருக்கிறது. அந்தச் சான்று நாடு முழுவதற்கும் பொது. அதை மதித்து வேலை கொடுப்பதும் கொடுக்காததும் முதலாளியின் விருப்பம்.

ஆசான் எதற்கும் விண்ணப்பிக்கவில்லை. "எழுபது தாண்டின பிறகு பரீட்சையா?" என்றுவிட்டார். பந்து விளையாடிக் கால் சுளுக்கிய தெருப் பையன்கள் வந்தால் மட்டும், முதலில் கருவேலிப்படி அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படம் எடுத்துவரச் சொல்லி, எலும்புக்கு ஒன்றுமில்லை என்றால் எண்ணெய் போடுகிறார். காசு வாங்குவதில்லை.

அவர் பேத்தி பத்தாம் வகுப்பு முடித்தபோது வீட்டில் பெரிய விவாதம். 'இந்தத் தொழில் நம்மோடு போகட்டும்' என்றார் மகன். பேத்தி பிடிவாதமாகக் கேரள ஆயுர்வேத மருத்துவக் கல்வித் துறை நடத்தும் ஒரு வருட ஆயுர்வேத தெரபிஸ்ட் படிப்பில் சேர்ந்துவிட்டாள். அரசு கல்லூரிச் சான்று. எந்த நிலையத்தில் கேட்டாலும் எடுத்துக் காட்டலாம். தமிழ்நாட்டில் சேர விரும்பும் பிள்ளைகளுக்குச் சென்னை அரும்பாக்கத்திலும் பாளையங்கோட்டையிலும் நர்சிங் தெரபி டிப்ளமா நடத்தியிருக்கிறார்கள். சேருவதற்கு முன் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: சான்று கொடுப்பது அரசா, தனியார் அகாதமியா? பத்து நாளில், பதினைந்து நாளில் 'சர்வதேச டிப்ளமா' என்று அச்சடித்துத் தரும் இடங்கள் எங்கள் ஊரிலும் உண்டு. தங்க நிற முத்திரையைப் பார்த்துப் பணம் கட்டிய குடும்பங்களை எனக்குத் தெரியும். பிள்ளையை அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ அனுப்பும் எண்ணம் இருந்தால், மொத்தம் எத்தனை மணி நேரம், என்னென்ன பாடம் என்று கல்லூரியின் முத்திரையோடு எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே முதலில் கேட்பது மணிக் கணக்கைத்தான்.

பேத்தியின் பாடத்திட்டத்தில் பிழிச்சில் உண்டு, ஞவரக்கிழி உண்டு. தொக்கணம் இல்லை. சாயங்காலம் ஆசான் சொல்லச் சொல்ல, அந்த ஒன்பதையும் நோட்டில் எழுதிக்கொள்கிறாள். மலையாளப் பள்ளியில் படித்தவள். 'மல்லாத்துதல்' என்பதை மலையாள எழுத்தில்தான் எழுதினாள். ஆசான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் பார்த்துவிட்டு, "எழுத்து எதுவானாலும் அழுத்தம் சரியா இருக்கணும்" என்றார்.

மற்ற மாநில லைசென்ஸோடு நியூயார்க்குக்குப் போய், மீதி மணி நேரத்தை எங்கே எப்படிப் படித்து முடித்தோம் என்று சொல்லக்கூடிய வாசகர்கள் இருந்தால், ஆசிரியர் முகவரிக்கு நாலு வரி எழுதிப் போடுங்கள். இதழிலேயே வெளியிட்டால் என் தங்கை மகளுக்கு மட்டுமல்லாமல் மற்றவர்களுக்கும் உதவும்.